ஐம்பது மில்லிநொடித் தாளம்

சிதம்பரம் நாட்டியாஞ்சலியில் மேடை ஓரம் உட்கார்ந்திருக்கும் நட்டுவனாரைப் பாருங்கள். அவர் ஆடுவதில்லை. ஆனால் அவர் கைத்தாளம் ஒருமுறை பிசகினால் ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் தடுமாறுவார்கள். பலர் கூடி விளையாடும் கணினி விளையாட்டில் சர்வருக்கும் அந்த வேலைதான். யார் எங்கே நிற்கிறார், யார் எய்த அம்பு யார்மேல் பட்டது என்று கணக்கிட்டு, தட்டுக்குத் தட்டு எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஒரு தட்டுக்கு ‘டிக்’ என்று பெயர். மைன்கிராஃப்டில் நொடிக்கு 20 டிக். ஒன்றுக்கு 50 மில்லிநொடி. வேலரண்டில் நொடிக்கு 128. ஒன்றுக்கு எட்டு மில்லிநொடிகூடக் கிடையாது.

சர்வர் வைக்க ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் கேட்பது, “எத்தனை கோர்?” மைன்கிராஃப்டுக்கு அது இரண்டாவது கேள்வி. அதில் உலகத்தின் பெரும்பாலான கணக்கு ஒரே த்ரெட்டில், வரிசையாக நடக்கிறது. நட்டுவனார் ஒருவர்தான், பக்கத்தில் முப்பது பேர் சும்மா உட்கார்ந்திருப்பதால் அவர் கை வேகமாகிவிடாது. அதனால்தான் 2.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் 32 கோர் பழைய சர்வரை, 5 கிகாஹெர்ட்ஸைத் தொடும் 8 கோர் வீட்டுக் கணினி தோற்கடிக்கிறது. ரேமையும் அள்ளிக் கொடுக்க வேண்டாம். மைன்கிராஃப்டை ஓட்டும் ஜாவா அவ்வப்போது நினைவகக் குப்பையை அள்ளும். தேவைக்கு மேல் இடம் கொடுத்தால் குப்பை நிறையச் சேர்ந்து, அள்ளும்போது விளையாட்டே ஒரு கணம் உறையக்கூடும்.

தூரம் எளிய கணக்கு. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லிநொடியில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். கடலூரிலிருந்து சென்னை அதற்குள் அடங்கிவிடும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் கிடக்கும் ஐ2ஐ கேபிள் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லிநொடி. எவ்வளவு செலவழித்தாலும் இதைக் குறைக்க முடியாது. ஆகவே கூட்டாளிகள் நம் பக்கத்தவர்கள் என்றால் சர்வரும் கடலூரிலோ சென்னையிலோ இருக்கட்டும். வீட்டில் வைப்பதானால் பொது ஐபி முகவரி தருவார்களா என்று இணைய நிறுவனத்திடம் முன்னதாகவே கேளுங்கள். பல வீடுகளுக்கு ஒரே முகவரியைப் பகிர்ந்து கொடுத்திருந்தால், வெளியிலிருந்து வருகிறவர்களால் உங்கள் சர்வரை நேரடியாகத் தொட முடியாது.

கடலூர்க் கடற்கரையில் இன்னும் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று வெயில். சிப் அளவுக்கு மீறிச் சூடானால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் மூடிய அலமாரிக்குள் வைத்த கணினியில் 5 கிகாஹெர்ட்ஸ் பெட்டிமேல் அச்சடித்த எழுத்தாகவே நின்றுவிடும். மற்றொன்று மின்வெட்டு. 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் கடலூர் அருகே கரையைக் கடந்தபோது, நெய்வேலியில் மின்சாரம் விளையும் இந்த மாவட்டமே நாள்கணக்கில் இருளில் கிடந்தது. புயல் வேண்டாம், ஐந்து நிமிட வெட்டு போதும்: எழுதிக்கொண்டிருந்த உலகக் கோப்பு பாதியில் அறுந்தால் மாதக்கணக்கில் கட்டிய கோட்டை போய்விடும்.

புதுக் கணினிக்குப் பணம் கட்டுமுன், கையிலிருப்பதில் ஒரு வாரம் நண்பர்களோடு விளையாடி, ஒரு டிக்குக்கு எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று பாருங்கள். 50-க்குள் நன்றாக அடங்கினால் அந்தப் பணத்தில் யுபிஎஸ் வாங்குங்கள். ஃபைபர் மோடத்தையும் அதிலேயே சொருகுங்கள்.