மென்பொருள் பல, முகப்பு ஒன்று



கடை என்றால் அதற்குப் பெயர்ப்பலகை ஒன்றுதான். இணையத்துக்குப் போன கடைக்கோ நிலைமை வேறு. ஆர்டர் எடுக்க ஒரு மென்பொருள், பாக்கிக் கணக்குக்கு இன்னொன்று, விலைப்பட்டியலுக்கு மற்றொன்று என வெவ்வேறு ஆட்களிடம் வெவ்வேறு காலத்தில் வாங்கி வைக்கிறோம். ஒன்று நீலம், ஒன்று பச்சை. ஒன்றில் கடைப் பெயரே இருக்காது. ஆர்டர் போட்டுவிட்டுப் பாக்கி கட்டப் போகும் சில்லறை வியாபாரி, "இது அதே கடைதானா?" என்று கையை இழுத்துக்கொள்கிறார். போலிப் பக்கங்கள் மலிந்த இக்காலத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. வசூல் தள்ளிப்போவது நமக்குத்தான்.

இதற்காக எல்லா மென்பொருளையும் மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொன்றின் உள்ளேயும் கைவைத்துத் திருத்தினால், புதிய பதிப்பு வரும்போதெல்லாம் மறுபடியும் கூலி கொடுக்க வேண்டிவரும். இரண்டுக்கும் மாற்றாக இருப்பது வடிகட்டி முறை.

செயல்படும் விதம்

இணையப் பக்கங்கள் ஹெச்.டி.எம்.எல். என்ற குறியீட்டில் எழுதப்படுகின்றன. தலைப்பு எது, அட்டவணை எது என்று அதில் அடையாளம் இருக்கும். மென்பொருளுக்கும் வாடிக்கையாளரின் திரைக்கும் நடுவில் வடிகட்டி உட்காருகிறது. வெளியே வரும் பக்கத்திலிருந்து தேவையான பகுதிகளை எடுத்து, நமது பொது முகப்பில் பொருத்தி அனுப்புகிறது. பல ஆலைச் சரக்கை நம் கடைப் பெயர் அச்சிட்ட பையில் போட்டுக் கொடுப்பது போலத்தான். சரக்கு அதுவே, பை நம்முடையது.

குறியீட்டை இப்படி உருமாற்றுவதற்கான எக்ஸ்.எஸ்.எல்.டி. என்ற மொழியை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999 நவம்பரில் தரமாக அறிவித்தது. ப்ளோன் மென்பொருள் வட்டத்தில் வளர்ந்த டயாஸோ என்ற கருவியில், "இதை எடுத்து அங்கே வை", "இதை நீக்கு" என்ற பாணியில் விதிகள் எழுதினால் போதும், அவை எக்ஸ்.எஸ்.எல்.டி.யாக மாற்றப்படும். ஜாவா மென்பொருள்களுக்கு சைட்மெஷ் என்ற கருவி உண்டு. இரண்டுக்கும் உரிமக் கட்டணம் கிடையாது; அமைத்துத் தருபவரின் கூலிதான் செலவு. தீபாவளிக்கு முகப்பை மாற்ற நினைத்தால் ஓரிடத்தில் மாற்றினால் எல்லாம் மாறும்.

கவனிக்க வேண்டியவை

1. மென்பொருள் புதுப்பிக்கப்பட்டு அதன் குறியீடு மாறினால், பழைய விதி பொருந்தாமல் போகலாம். பில் பக்கத்தில் ஜி.எஸ்.டி. எண்ணே மறைந்துவிட்டால் தொல்லை. ஆகவே மாதிரி நகலில் சோதித்த பிறகே மாற்றவும்.

2. சில மென்பொருள்கள் வெறும் பக்கத்தை அனுப்பிவிட்டு, விவரங்களை வாடிக்கையாளரின் திரையில்தான் நிரப்புகின்றன. நடுவில் இருக்கும் வடிகட்டிக்கு அங்கே எடுக்க ஒன்றும் இராது.

3. வங்கியின் பணம் செலுத்தும் பக்கத்தைத் தொடக் கூடாது. அது நம்முடையது அல்ல.

4. முகப்பு ஒன்றானால் கணக்கும் ஒன்றாகிவிடாது. இருப்பும் பாக்கியும் தனித்தனி ஏடுகளிலேயே இருக்கும்.

முக்கியமாக, ஒரே தோற்றம் நம்பிக்கை தரும், பூட்டு ஆகாது. தோற்றத்தைத் திருடனும் நகலெடுப்பான். எனவே நமது இணைய முகவரியை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட்டு, அதைச் சரிபார்த்த பிறகே பணம் கட்டுமாறு வாடிக்கையாளருக்குச் சொல்லி வைப்பது அவசியம். அடுத்த முறை மென்பொருள் வாங்கும்போது, "இதன் பக்கங்களை எங்கள் முகப்பில் பொருத்த முடியுமா?" என்று விலை பேசுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.