துயிலும் உளநூலும்

உலகில் வாழும் மாந்தர் தம் வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைத் துயிலிற் கழிக்கின்றனர். 60 ஆண்டு வாழ்ந்த ஒருவர் 20 ஆண்டு உறங்கியிருப்பார். உண்ணும் உணவைப் பற்றியும் உடுக்கும் உடையைப் பற்றியும் ஓயாது ஆராயும் நாம், இவ்விருபது ஆண்டுகளைப் பற்றிச் சிறிதும் எண்ணுவதில்லை. உறக்கம் தானே வரும், தானே போகும் என்பது நம் துணிபு. "பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது" என்னும் பழமொழியும் அத்துணிபுக்கு அரண் செய்கின்றது.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசற் குன்றைக் கண்டோர் இப்பழமொழிக்கு ஒரு சான்றும் காட்டுவர். அக்குன்றின் மேற்பகுதியில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகையொன்று உண்டு. அதனுள், பாறையை மழமழப்பாகத் தேய்த்து அமைத்த 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. தலை வைக்கும் பக்கம் சற்றே உயர்ந்து, கல்லாலாகிய தலையணை போலவே தோன்றும். அங்குள்ள பிராமிக் கல்வெட்டு ஏறக்குறைய 2,000 ஆண்டுகட்கு முற்பட்டது. சமணத் துறவியர் தவமிருந்த இடம் அது. "கல்லின்மேற் கிடந்தவர்க்கும் உறக்கம் வந்ததன்றோ? பஞ்சணையில் கிடக்கும் நமக்கு வாராதது ஏன்?" என்று வினவத் தோன்றுதல் இயல்பே.

எனினும், துறவியர் கிடந்த கல்லைக் காட்டி, உறக்கம் எவ்விடத்தும் எவர்க்கும் எளிதில் வாய்ப்பதென்று முடிவு கட்டுதல் பொருந்தாது. நள்ளிரவிற் கூரையை நோக்கிக் கண் விழித்துக் கிடப்போர் எத்தனையோ பேர். அவர்தம் குறையை ஆராய்வதும், தீர்ப்பதும், அவ்வறிவைப் பிறர்க்குக் கற்பிப்பதுமே தொழிலாகக் கொண்டோர் உளர். மனோதத்துவ சாஸ்திரம் எனப்படும் உளநூலின் ஒரு கிளையிற் பயின்ற அவர்களை உறக்க உளநூலார் என்போம். துயில் இழந்தோரை மூவகையாகப் பகுத்து நோக்கின் அவர்தம் பணி எளிதில் விளங்கும். உறங்க இயலாதார் ஒருவகை; உறங்க விடப்படாதார் மற்றொருவகை; உறங்க மனமில்லாதார் மூன்றாம் வகை. குறை ஒன்றே போலத் தோன்றினும் காரணம் வெவ்வேறாதலின் மருந்தும் வெவ்வேறாம்.

இவ்வறிவு வளர்ந்த வரலாற்றை முதற்கண் சுருங்கக் கூறுவாம். உறங்குவோர் தம் உறக்கத்தைப் பற்றித் தாமே சான்று பகர இயலாது. ஆதலின், அதனைப் புறத்தே நின்று அளக்கும் கருவி கிடைக்கும்வரை இச்சாஸ்திரம் வளரவில்லை. ஜெர்மனி தேசத்து ஹான்ஸ் பெர்கர் என்பார் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதற் பதிவு செய்து, 1929-இல் அதனை வெளியிட்டார். அதன்பின், உறக்கம் என்பது விளக்கணைத்தாற் போன்ற வெற்றிருள் அன்று, அதனுட் பல படிகள் உண்டு என்பது தெளிவாயிற்று. 1953-இல் சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குவோரின் மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து அசையும் காலங்கள் உண்டென்பதைக் கண்டனர். அப்பொழுது எழுப்பினால் பெரும்பாலோர் கனவு கண்டதாகக் கூறினர். 1968-இல் ஆலன் ரெக்ட்ஷாஃபென் என்னும் உளநூற் பேராசிரியர், ஆந்தனி கேல்ஸ் என்பாருடன் கூடி, உறக்கத்தின் படிகளை யாவரும் ஒரே முறையில் அளக்கும் விதிகளை வகுத்தார். இந்தியாவிலும், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் உறக்க ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இயங்கி வருகின்றது.

மேற்கூறிய கிளைட்மனின் சோதனை ஒன்று ஈண்டுக் குறிக்கத்தக்கது. 1938-இல் அவரும் ரிச்சர்ட்ஸன் என்னும் மாணவரும் அமெரிக்காவில் கென்டக்கி நாட்டுப் பெருங்குகையொன்றில் 32 நாள் தங்கினர். ஞாயிற்றின் ஒளி எட்டாத அவ்விடத்தில், நாளொன்றுக்கு 24 மணிக்குப் பதிலாக 28 மணி என்று வைத்து வாழ்ந்து பார்த்தனர். இளைஞராகிய மாணவர் அப்புதிய நாளுக்கு இசைந்தார். ஆசிரியரின் உடலோ பழைய நாளையே பற்றி நின்றது. உடலினுள்ளே ஒரு கடிகாரம் உண்டு, அது நம் கட்டளைக்கு எளிதிற் பணியாது என்னும் உண்மைக்கு இச்சோதனை ஒரு தொடக்கமாயிற்று.

இனி, உறங்க இயலாதாரைக் காண்போம். நோயோ, கடனோ, இழவோ நேர்ந்த காலத்தில் ஒருவர்க்குச் சில நாள் உறக்கம் கெடுகின்றது. இஃது இயற்கையே. ஆனால் துன்பம் நீங்கிய பின்னரும் சிலர்க்கு உறக்கம் மீள்வதில்லை. ஏன்? நியூயார்க்கைச் சேர்ந்த ஆர்தர் ஸ்பீல்மன் என்னும் உளநூலார் இதற்குத் தெளிவானதோர் விடை கூறினார். உறக்கமின்மையைத் தொடங்கி வைக்கும் காரணம் ஒன்று. அதனை நிலைக்கச் செய்யும் காரணம் வேறொன்று. இழந்த உறக்கத்தை ஈடு செய்யும்பொருட்டு நோயாளி முன்னிரவிலேயே படுக்கின்றார், காலையில் நெடுநேரம் எழாது கிடக்கின்றார், பகலிலும் கண்ணயர்கின்றார். உறக்கத்தைப் பிடிக்க அவர் விரிக்கும் வலையே உறக்கத்தைத் துரத்துகின்றது. நாளடைவில் படுக்கையைக் கண்ட மாத்திரத்தே அவர் மனம் விழித்துக்கொள்கிறது.

இதற்குச் சிகிச்சை இரண்டு. 1972-இல் ரிச்சர்ட் பூட்ஸின் என்னும் உளநூலார் வகுத்தது முதலாவது. உறக்கம் வந்தாலன்றிப் படுக்கக் கூடாது, படுக்கையில் இருந்துகொண்டு படித்தலும் உண்டலும் கவலையுறுதலும் ஆகா, உறக்கம் வாராவிடில் எழுந்து வேறிடம் சென்று, வந்தபின் மீண்டும் படுக்கவேண்டும், எத்துணை நேரம் உறங்கினும் காலையில் ஒரே வேளையில் எழவேண்டும், பகலுறக்கம் கூடாது. 1987-இல் ஸ்பீல்மனும் அவர்தம் குழுவினரும் வெளியிட்டது இரண்டாவது. ஒருவர் இரவு 9 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழுகின்றார். ஆயினும் உறங்குவது ஐந்தரை மணியே என்று கொள்வோம். அவரை நள்ளிரவு 12.30-க்குப் படுத்து 6-க்கு எழுமாறு பணிப்பர். படுக்கையில் கழிக்கும் பொழுதில் பெரும்பகுதியும் உறக்கமாக நிறைந்தபின், கால் மணி கால் மணியாகப் படுக்கும் நேரத்தைக் கூட்டுவர். உறங்காதவரைக் குறைவாகப் படுக்கச் சொல்வது முரணாகத் தோன்றும். ஆனால் பசித்தவனுக்கே உணவு சுவைப்பது போல, விழித்திருந்தவருக்கே உறக்கம் ஆழ்ந்து வருகின்றது. வலிப்பு நோயுடையாரும் வண்டி ஓட்டுவோரும் இம்முறையைத் தாமே மேற்கொள்ளாது, வல்லுநர் பார்வையில் மட்டுமே கைக்கொள்ளல் வேண்டும்.

இவ்விரண்டோடு, உறக்கம் பற்றிய வீணச்சங்களைத் திருத்தும் உரையாடலும் சேர்ந்த சிகிச்சை, சில வாரங்களில் முடியக் கூடியது. நாட்பட்ட உறக்கமின்மைக்கு மாத்திரைகட்கு முன்னதாக இதனையே முதலில் அளிக்கவேண்டும் என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. ஆயினும் உறக்கக் குறை அனைத்தும் மனத்தின்பாற்பட்டவை அல்ல. பெருங்குறட்டையும், இடையிடையே மூச்சு நிற்றலும், பகலில் அடங்காத் தூக்கமும் உடையவரை உளநூலார் வைத்தியரிடமே அனுப்புவர். 1981-இல் ஆஸ்திரேலிய வைத்தியர் காலின் சல்லிவன் அந்நோய்க்குக் காற்றழுத்தச் சிகிச்சையை வெளியிட்டார். இரவு முழுதும் மூக்கில் மூடி அணிந்து உறங்கப் பலர் அஞ்சுவர். அவ்வச்சத்தைப் போக்கிப் பழக்குவதும் உளநூலார் பணியேயாம்.

இரண்டாம் வகையினர், உறங்க விடப்படாதார். இவரைப் பற்றிய அரியதோர் ஆராய்ச்சி நம் தமிழ்நாட்டுத் தலைநகரிலேயே நடந்தது. பெட்ரோ பெசோனே, கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மேட்டி டோமா என்னும் அறிஞர் ஐவர் சென்னையில் ஏழை உழைப்பாளர் 452 பேரின் உறக்கத்தை அளந்து, முடிவுகளை 2021-இல் வெளியிட்டனர். இவர்கள் பொருளியலார், எனினும், கையிற் கட்டும் அசைவளவிக் கருவியைக் கொண்டு உறக்கத்தை அளக்கும் முறை உறக்க நூலாரிடமிருந்து பெற்றதே. கண்டது யாது? அம்மக்கள் இரவில் 8 மணி நேரம் படுக்கையில் இருந்தனர். உறங்கியதோ சராசரி ஐந்தரை மணியே. வெப்பமும், கொசுவும், ஓசையும், இட நெருக்கடியும் அவர்தம் உறக்கத்தைப் பன்முறை அறுத்தன. நித்திரை சுகம் அறியாது என்னும் பழமொழி இவர்பாற் பொய்த்தது. களைத்தவரைக் கண்மூடச் செய்யச் சுகம் வேண்டுவதில்லை என்பது மெய்யே. மூடிய கண் மூடியபடி இருக்க அது வேண்டும்.

பின்னர், அவர்களிற் சிலர்க்கு நல்லுரையும், கட்டில், மெத்தை, தலையணை, விசிறி முதலியவும், ஊக்கத்தொகையும் அளித்தனர். இரவுறக்கம் 27 நிமிஷம் மிகுந்தது. இதனால் வேலைத் திறம் பெரிதும் ஓங்கும் என்று முன்னரே வினவப்பட்ட அறிஞர் பலர் எதிர்பார்த்திருந்தனர். ஆனால் அவ்வாறு யாதொரு பயனும் புலப்படவில்லை. மிகுந்தது பெரும்பாலும் படுக்கையில் இருந்த நேரமே. உறக்கம் அறுபடுதல் குறையவில்லை. இதற்கு மாறாக, வேலையிடத்தில் அமைதியான ஓரிடத்திற் பிற்பகலில் அரைமணி உறங்க விடப்பட்டோர், வேலை செய்யும் நேரம் சற்றே குறைந்ததாயினும், மனத்தெளிவும் கவனமும் வேலைத் திறமும் மிகப் பெற்றனர். உறங்க இயலாதார்க்கு நஞ்சாகும் பகலுறக்கம், உறங்க விடப்படாதார்க்கு அமுதாயிற்று. மருந்தை அறியுமுன் நோயாளியை அறிதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நம் மாவட்டத்திலும் இவ்வகையினர் பலர். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளிலிருந்து சென்று இரவெல்லாம் கடலில் வலை வளைக்கும் மீனவர், மருத்துவமனையில் இரவுப்பணி புரியும் செவிலியர், நெடுவழிப் பேருந்து ஓட்டுநர் ஆகியோரை உன்னுக. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் திறம், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் திறத்தை ஒத்துத் தாழ்கின்றது என்று ஆஸ்திரேலிய உளநூலார் ட்ரூ டாஸன் என்பாரும் கேத்ரின் ரீட் என்பாரும் 1997-இல் காட்டினர். குடித்தவரை வண்டி ஓட்ட விடோம். உறங்காதவரை மட்டும் விடுதல் எங்ஙனம் தகும்?

மூன்றாம் வகையினர் யாவர்? மாணவ நண்பர்காள், அவர் நம்முள்ளேயே உளர். பரீட்சை நெருங்கியதும் இரவைப் பகலாக்குவதை வீரமென்று கருதுகிறோம். நன்கு உறங்குவோனைக் கும்பகர்ணன் என்று நகையாடுகிறோம். 1924-இல் கார்னெல் சர்வகலாசாலையில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் உளநூலார் இரு மாணவர்க்குப் பொருளற்ற அசைகள் பத்துப் பத்தாக மனப்பாடம் செய்வித்துச் சோதித்தனர். எட்டு மணி நேரம் உறங்கியபின் அவர்கள் ஏறக்குறையப் பாதியை நினைவு கூர்ந்தனர். அதே நேரம் விழித்திருந்தபின் மிகச் சிலவே எஞ்சின. பின்னர் எழுந்த ஆராய்ச்சிகளும், கற்றதை உறக்கம் மனத்தில் ஊன்றச் செய்கின்றது என்பதை வலியுறுத்தின. எனவே, படித்துவிட்டு உறங்காதவன் விதைத்துவிட்டு நீர் பாய்ச்சாதவனை ஒப்பான்.

மேரி கார்ஸ்காடன் என்னும் உறக்க ஆராய்ச்சியாளர், 1976 முதல் ஸ்டான்ஃபோர்டில் சிறுவர்களைக் கோடைதோறும் தங்கச்செய்து அவர்தம் உறக்கத்தை அளந்தார். வளர வளர உறக்கத்தின் தேவை குறையும் என்னும் பொதுக்கருத்து தவறென்று கண்டார். பருவமெய்தும் காலத்தில் உடலின் கடிகாரம் பின்தங்குவதையும் அவர் பிற்காலத்து ஆராய்ச்சிகள் விளக்கின. இளைஞன் இரவில் விரைவில் உறங்காததும், விடியலில் எழ வருந்துவதும் முழுதும் சோம்பலன்று என்று பெற்றோரும் ஆசிரியரும் அறிதல் நலம். 13 முதல் 18 வயதினர்க்கு 8 முதல் 10 மணியும், வயது வந்தோர்க்கு 7 மணிக்குக் குறையாமலும் உறக்கம் வேண்டும் என்பது இக்கால வல்லுநர் முடிபு.

ஆகவே அன்பர்காள், உறங்க மனமில்லாதார் இன்றே தம் மனத்தை மாற்றிக்கொள்க. அது நம் கையில் உள்ளது. உறங்க இயலாதார் தம்மை நொந்துகொள்ளாது, மாத்திரையைத் தாமே வாங்கி உண்ணாது, தக்காரை நாடுக. அவர் நோய் தீரக்கூடியதே. ஆனால் உறங்க விடப்படாதார்க்கு அறிவுரை கூறிப் பயன் என்ன? கொசு மொய்க்கும் கூரைக்குக் கீழும், இரவுப்பணியின் சுமைக்குக் கீழும் கிடப்போர்க்கு உறக்கம் அவர்தம் உறுதியினால் வருவதன்று. இக்கல்லூரியிற் பயின்று வெளியேறுவோர் நாளை ஆலையும் அலுவலகமும் பள்ளியும் நடத்துவர். தம்மிடம் பணிபுரிவோர்க்குப் பிற்பகலில் அரைமணி அமைதியை அளிக்க அவர்களுள் சிலரேனும் துணிவாராயின், உறக்க உளநூலார் கண்ட உண்மை நூலகத்தில் உறங்காது, நாட்டில் விழித்தெழும்.