பூக்குடிநீர்: சுவைத்துத் தரங் காணும் முறை

இலங்கையில் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்திலே தேயிலை வர்த்தகப் பயிராக நடப்பட்டது. அதற்கு முன்னரும் பூவையும் இலையையும் வேரையும் அவித்துக் குடிக்கும் வழக்கம் கிராமங்களில் இருந்து வந்தது. அவற்றுள் பெலிமல் எனச் சிங்களத்தில் வழங்கும் வில்வம்பூக் குடிநீர் இன்றும் பனங்கட்டியுடனோ கித்துள் கருப்பட்டியுடனோ விரும்பிப் பருகப்படுகின்றது. வளவில் வில்வமும் செவ்வரத்தையும் உடைய கமக்காரர் இத்தகைய கலவையைத் தாமே ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் அதன் தரத்தை அறிதற்குச் சுவைக்கும் முறை தெரிந்திருத்தல் வேண்டும்.

சேகரித்தலும் உலர்த்தலும்

வில்வம்பூவைக் கொப்புகளிலிருந்து பறித்தால் காய் குறையும். ஆகையால் மரத்தின் கீழ் துப்புரவான சீலையை விரித்து, உதிரும் பூக்களைக் காலையிலே சேர்த்தல் நன்று. செவ்வரத்தம்பூவின் காம்பையும் பச்சைப் புல்லியையும் நீக்கி இதழை மட்டும் எடுத்தல் வேண்டும். பூக்களை மெல்லிய படையாகப் பரப்பி, காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்துக. கடும் வெயில் நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும். விரலால் நெரிக்கும்போது நொறுங்கும் பதத்தில் காற்றுப் புகாத போத்தலில் அடைத்து, ஒளி படாத இடத்தில் வைத்தல் வேண்டும். ஈரம் எஞ்சின் பூஞ்சணம் பற்றும்.

சுவைக்கும் முறை

தேயிலையைச் சுவைத்து ஒப்பிடுதற்குச் சர்வதேச நியமம் ஒன்று உண்டு. 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலையிட்டு, 6 நிமிடம் மூடி வைப்பதே அம்முறை. பூக்களுக்கும் இதே அளவைக் கைக்கொள்ளலாம். ஒவ்வொரு பூவையும் முதலில் தனித்தனியே வெண்ணிறக் கோப்பையில் ஊறவைத்து, இனிப்புச் சேர்க்காது சுவைத்தல் வேண்டும். இனிப்பானது குற்றங்களை மறைத்துவிடும்.

முதலில் நிறத்தைப் பார்க்க. வில்வம்பூ பழுப்பு நிறச் சாயந் தரும். செவ்வரத்தையின் சாயம் ஊதா நிறமாயிருந்து, சில துளி தேசிப்புளி பட்டதும் செந்நிறமாக மாறும். அடுத்து, மூடியைத் திறந்தவுடன் எழும் ஆவியை முகர்க. பின்னர் ஒரு கரண்டி நீரைக் காற்றுடன் உறிஞ்சி, நா முழுவதும் பரவவிட்டு உமிழ்க. வில்வம்பூவில் இனிய மணமும் இலேசான துவர்ப்பும் தோன்றும். செவ்வரத்தையில் மணம் குறைவு. சிறிது வழுவழுப்பு உண்டு.

புழுங்கிய மணம் வரின் உலர்த்தல் போதாது என்றும், புகை மணம் வரின் அடுப்படியில் காய்ந்தது என்றும், வைக்கோல் போன்ற வெறுஞ்சுவை வரின் பூ பழையது என்றும் கொள்ளலாம். பூஞ்சணம் கண்ட பூவைச் சுவைத்துப் பாராமலே எறிந்துவிடல் வேண்டும்.

கலவை

வில்வம்பூ இரு பங்கு, செவ்வரத்தை இதழ் ஒரு பங்கு, உலர்ந்த எலுமிச்சம்புல் அரைப் பங்கு எனத் தொடங்கலாம். துவர்ப்பு மிகுந்தால் வில்வம்பூவைக் குறைக்க. எலுமிச்சம்புல் மிகுந்தால் பூவின் மணம் அடங்கிப்போம். ஒவ்வொரு முறையும் ஒரு பொருளின் அளவை மாத்திரம் மாற்றி, அளவைக் குறித்து வைத்தால் ஏற்ற கலவை விரைவிற் கிடைக்கும்.

நாவுக்குப் புலப்படாத தீங்குகள்

நல்ல சுவை நற்பொருள் என்பதற்குச் சான்றாகாது. மிளகாய், கத்தரித் தோட்டங்களின் வேலியிலும் வயல் வரம்பிலும் மலரும் பூக்கள்மீது பூச்சிநாசினியும் களைநாசினியும் காற்றோடு படியக்கூடும். அவை நாவுக்குத் தெரியாமலிருக்கலாம். உலர்த்துவதாலும் கொதிநீராலும் நீங்கிவிடும் என்று நம்பவுங் கூடாது. மருந்து தெளிக்கும் நிலத்தின் அருகிலுள்ள பூவைக் குடிநீருக்கு எடுத்தலாகாது.

ஆவரசம்பூவையும் பலர் கலவையிற் சேர்ப்பர். இச்செடியில் ஈரலுக்குத் தீங்கு செய்யக்கூடிய பிறொலிசிடின் வகைக் காரப்போலிகள் காணப்படுவதாக இலங்கை ஆய்வாளர்கள் 1981இல் வெளியிட்டுள்ளனர். ஆகவே, அதனை நாடோறும் பருகும் பானமாகக் கொள்ளாதிருத்தல் நன்று. கர்ப்பிணிகளும் ஈரல் நோயாளரும் அதனைத் தவிர்த்தல் வேண்டும். நீரிழிவு முதலியவற்றுக்கு மருந்து உட்கொள்வோர் எந்தப் பூக்குடிநீரையும் வழக்கமாக்குமுன் வைத்தியரைக் கேட்டறிக.

பெயர் தெரியாத பூவைக் கோப்பையில் இடாதிருப்பதும், மருந்து படாத மரத்தைக் குடிநீருக்கென ஒதுக்கி வைப்பதும் இத்தொழிலின் முதற்படிகளாகும். சுவை காணல் அவற்றின் பின்னரே.