அருவி வெட்டியவருக்குப் போட்ட சோறு

அருவி வெட்டு நாட்களில் வயலுக்குப் போகும் சோற்றுச் சட்டி பெரிதாகத்தான் இருக்கும். இருக்கவும் வேண்டும். குனிந்தபடி அரிவாளால் நெல் அறுக்கும் ஒருவரின் உடல் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 300 கலோரி செலவிடும். ஆறு மணித்தியாலம் வெட்டினால் 1,800. குவித்துப் போட்ட சோறு பொழுதுபடுவதற்குள் எரிந்து முடிந்துவிடும். இப்போது வயலில் அறுவடை இயந்திரம் இறங்குகிறது. வயற்காரர் வரம்பில் நின்று பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வீடு வருகிறார். உட்கார்ந்திருக்கும் உடலுக்கு மணித்தியாலத்துக்கு 80 கலோரி போதும். கோப்பையில் விழும் சோறு மட்டும் அருவி வெட்டுக் காலத்து அளவிலேயே இருக்கிறது.

அது குறையாததற்குக் காரணம் உண்டு. அதை மதிக்க வேண்டும். 2009இல் போரின் கடைசி மாதங்களில் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற வன்னிச் சனம் இது. பிறகு செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் நிவாரண மாவிலும் அரிசியிலும் பருப்பிலும் நாட்களைக் கடத்தியவர்கள். பிள்ளைக்கு இன்னோர் அகப்பை போடும் தாயிடம் குறைத்துப் போடுங்கள் என்று சொல்வது எளிதல்ல. நிறை குறைந்த பிள்ளைகள் உள்ள வீடுகள் இன்றும் வன்னியில் இருக்கின்றன. அந்த வீடுகளுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. இது, வயிறு முன்தள்ளி, கிளினிக் கொப்பியில் சீனி ஏறிக்கொண்டிருப்பவர்களுக்கு.

பட்டினியை உடலும் நெடுநாள் மறப்பதில்லை. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதளவில் சோதித்தபோது, குளுக்கோசைக் கையாளும் திறன் அவர்களிடம் குறைந்திருந்தது. 2009இல் வன்னியில் கருவில் இருந்த பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். அவர்களின் கோப்பையைப் பற்றிப் பேச இதுதான் காலம்.

ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்குப் பார்ப்போம். காலையில் கால் றாத்தல் பாண் என்றால் சுமார் 55 கிராம் மாச்சத்து. மத்தியானம் 350 கிராம் சோற்றில் 100 கிராம். இரவுப் புட்டில் 85. இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி நாலு தரம் குடித்தால் இன்னும் 40. மொத்தம் 280 கிராம். சோற்றோடு உருளைக்கிழங்குக் கறி சேர்ந்தால் அதற்கும் மேலே. இலங்கையில் வயதுவந்தவர்கள் பெறும் சக்தியில் ஏறக்குறைய 70 விழுக்காடு மாச்சத்திலிருந்தே வருகிறது. பள்ளிக்கூடப் புத்தகம் காபோவைதரேற்று என்று சொல்வது இதைத்தான். நாட்டுச் சிவப்பரிசி, மொட்டைக்கருப்பன் என்றால் சோற்றின் கணக்கு மாறுமா என்று கேட்பார்கள். தவிடு உள்ள அரிசியில் நார்ச்சத்தும் விற்றமினும் அதிகம், சமிபாடும் மெதுவாக நடக்கும். ஆனால் மாச்சத்தின் அளவு கிட்டத்தட்ட அதேதான். சிவப்பு என்பதற்காக இரண்டு மடங்கு போட்டுச் சாப்பிட்டால் பயன் இல்லை.

சாப்பிட்ட மாச்சத்து குளுக்கோசாகி இரத்தத்தில் ஏறும். இன்சுலின் அதைக் கலங்களுக்குள் அனுப்பும். ஈரலும் தசையும் சேர்ந்து சுமார் 500 கிராமைக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கும். அந்தக் களஞ்சியம் நிரம்பிய பிறகும் செலவுக்கு மேல் தின்றுகொண்டிருந்தால் உடலில் கொழுப்பு கூடும். எங்கள் நாட்டாருக்கு அது பெரும்பாலும் வயிற்றைச் சுற்றித்தான் சேர்கிறது. ஆணின் இடுப்பளவு 90 சென்ரிமீற்றரையும் பெண்ணின் இடுப்பளவு 80ஐயும் தாண்டினால் கவனிக்க வேண்டும், தராசு என்ன சொன்னாலும்.

வெளிநாட்டில் இருக்கும் மச்சான் தொலைபேசியில் சொல்லுவார்: "சோத்தை விட்டிட்டன், ஒரு கிழமையில ரெண்டு கிலோ இறங்கிட்டுது." இறங்கியது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு மூன்று கிராம் அளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். களஞ்சியம் வெறுமையானதும் தண்ணீரும் போய்விடும். சோறு திரும்பியதும் அதுவும் திரும்பும். கொழுப்புக் கரைவது அதற்குப் பிறகு, மெதுவாக நடக்கும் வேலை.

அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்ரோபர் கார்ட்னர் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாச்சத்தையும் மறுபாதிக்குக் கொழுப்பையும் ஓராண்டு குறைத்தது. 2018இல் முடிவு வந்தது. மாச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ இழந்தார்கள், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. எந்த முறை உயர்ந்தது என்று சண்டை பிடிப்பதை விட, எதை ஆண்டுக்கணக்கில் கைவிடாமல் செய்ய முடியும் என்று பார்ப்பதே புத்தி. நாளுக்கு 50 கிராமுக்குள் மாச்சத்தை அடக்கும் கீட்டோவை ஒரு நெல் விளையும் வீட்டில் எத்தனை மாதம் தொடரலாம்?

எங்களுக்குப் பக்கத்து வழி ஒன்று சென்னையிலிருந்து வந்திருக்கிறது. சென்னை நீரிழிவு ஆய்வு நிலையத்தின் ஆர்.எம். அஞ்சனா, வி. மோகன் முதலியோர் 18,090 இந்தியர்களின் உணவுத் தரவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவு: பெறும் சக்தியில் மாச்சத்தின் பங்கை 50–55 விழுக்காட்டளவுக்கு இறக்கிப் புரதத்தை 20 அளவுக்கு ஏற்றினால் நீரிழிவைத் தடுக்கவும் தணிக்கவும் உதவும். சோற்றை ஒழிக்கச் சொல்லவில்லை.

நம்முடைய கணக்கிலேயே செய்து பாருங்கள். தேத்தண்ணிச் சீனியை நிறுத்தினால் 40 கிராம் போகும். மத்தியானச் சோற்றைப் பாதியாக்கினால் இன்னும் 50. மிஞ்சுவது 190. காலியான இடத்தில் முருங்கையிலைச் சுண்டலோ வல்லாரைச் சம்பலோ இருக்கட்டும், கூடவே மீன். இரணைமடுவும் முத்தையன்கட்டும் வவுனிக்குளமும் உள்ள ஊரில் புரதத்துக்கு ரின் மா வேண்டாம். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று குளமெல்லாம் கிடக்கிறது. 100 கிராம் மீனில் 20 கிராம் புரதம், மாச்சத்து இல்லை. பாணுக்குப் பதிலாகச் சில காலைகளில் பயறோ கௌபியோ அவித்துத் தேங்காய்ப்பூவோடு சாப்பிடலாம். அதிலும் மாச்சத்து உண்டுதான். ஆனால் புரதமும் நாரும் சேர்ந்து வருவதால் பசி தள்ளிப்போகும்.

சோற்றையே மாற்ற முடியுமா என்று கொழும்பில் இருவர் பார்த்தார்கள். இரசாயன அறிவியல் கல்லூரி மாணவர் சுதைர் ஜேம்ஸும் அவருடைய வழிகாட்டி புஷ்பராஜா தவராஜாவும் 38 இலங்கை அரிசி வகைகளைச் சோதித்தார்கள். கொதிநீரில் சிறிது தேங்காயெண்ணெய் விட்டு அரிசியை வேகவைத்து, 12 மணித்தியாலம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், மாச்சத்தின் ஒரு பகுதி குடலில் எளிதில் சமிக்காத வடிவத்துக்கு மாறுகிறது என்று 2015இல் அமெரிக்க இரசாயனச் சங்கக் கூட்டத்தில் அறிவித்தார்கள். ஆய்வுகூட முடிவு அது. அதை நம்பி அகப்பையைக் கூட்டக் கூடாது. சோற்றை இரவு முழுக்க அடுப்படியில் திறந்து வைப்பதும் கூடாது, கிருமி பெருகும்.

வன்னிக்காரர் கட்டாயம் கேட்க வேண்டியது இனித்தான். காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவியுள்ள மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று. அந்த நோய் நெடுங்காலம் வெளியே தெரியாது. சிறுநீரகம் பழுதுபட்டவர் உடல் நிறையின் கிலோவுக்கு 0.8 கிராம் அளவிலேயே புரதம் எடுப்பது நல்லது. 60 கிலோ உள்ளவருக்கு அது 48 கிராம். யூரியூப் பார்த்து மூன்று நேரமும் இறைச்சியும் முட்டையும் தின்றால் அளவு இரண்டு மடங்கைத் தாண்டும். இன்சுலின் போடுபவரும் கிளிக்லசைட் குளிசை எடுப்பவரும் மருந்தைக் குறைக்காமல் சோற்றை மட்டும் குறைத்தால், இரத்தச் சீனி திடீரென விழுந்து வியர்த்து நடுங்கி மயங்கக்கூடும்.

ஆகவே கோப்பையை மாற்ற முன் கிளினிக்கில் சொல்லுங்கள். மருந்தின் அளவை வைத்தியரே மாற்றட்டும். இரத்தத்தில் கிரியாட்டினினையும் சிறுநீரில் புரதத்தையும் பார்க்கும்படி கேளுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றிலும் மாவட்ட வைத்தியசாலை இருக்கிறது. அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை.