உட்செவியின் மயிர்ச் செல்கள்: அழிந்தவை மீண்டும் தோன்றுமா?

கோழிக்குஞ்சின் செவி பேரோசையால் கெடுமாயின், சில வாரங்களில் அது பெரும்பாலும் மீண்டும் கேட்கத் தொடங்கும். மனிதனுக்கு அப்பேறு இல்லை. இவ்வேற்றுமையை விளக்க, உட்செவியின் செல்கள் தம்முள் பரிமாறிக்கொள்ளும் குறிப்புகளை அறிதல் வேண்டும்.

உட்செவியில் நத்தை ஓட்டைப்போலச் சுருண்ட காக்ளியா என்னும் குழல் உண்டு. அதனுள் ஏறக்குறைய 15,000 மயிர்ச் செல்கள், உள்வரிசை ஒன்றும் வெளிவரிசை மூன்றுமாக அமைந்துள்ளன. ஒலியினால் அங்குள்ள திரவம் அசைய, இச்செல்களின் உச்சியிலுள்ள நுண்மயிர்கள் வளைகின்றன. உடனே நுண்ணிய வாயில்கள் திறந்து பொட்டாசியம் அயனிகள் உட்புகுகின்றன. உள்வரிசைச் செல்கள் அச்செய்தியை நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புகின்றன. வெளிவரிசைச் செல்கள் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருகின்றன.

கருவில் மயிர்ச் செல்களும் அவற்றைச் சூழ்ந்த தாங்கு செல்களும் ஒரே வகை முதற்செல்களினின்று தோன்றுகின்றன. 'அட்டோ-1' என்னும் ஜீன் செயற்படும் செல்லே மயிர்ச் செல்லாகும். அந்த ஜீன் அற்ற எலிகளில் மயிர்ச் செல்கள் உருவாவதில்லை என்பது 1999-இல் காட்டப்பட்டது. மயிர்ச் செல்லாகத் தலைப்படும் செல், தன் மேற்பரப்பில் 'டெல்ட்டா' போன்ற புரதங்களை ஏந்துகிறது. அவை அயற்செல்லின் 'நாட்ச்' என்னும் ஏற்பியைத் தொட, அச்செல்லில் அட்டோ-1 அடங்கிவிடுகிறது. அது தாங்கு செல்லாக நிலைக்கிறது. அவையில் ஒருவர் பேச எழுந்ததும் அருகிருப்போர் வாய்மூடுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

பறவைகளில் மயிர்ச் செல்கள் அழிந்தால், தாங்கு செல்கள் பிரிந்தோ உருமாறியோ புதிய மயிர்ச் செல்களைத் தருகின்றன. இவ்வுண்மை 1988-இல் வெளியாயிற்று. பாலூட்டிகளின் காக்ளியாவில், வளர்ச்சி முற்றியபின் இத்திறன் இல்லை. 2013-இல் செவிடான எலிகளில் நாட்ச் குறிப்பை மருந்தினால் தடுத்தபோது, புதிய மயிர்ச் செல்கள் சில தோன்றின. கேட்கும் திறனோ சிறிதளவே மீண்டது. மனிதர்க்கு இம்முறை இன்னும் கைவந்த மருத்துவமாகவில்லை.

ஆதலின் உள்ள செல்களைக் காப்பதே இன்றைக்குரிய வழியாகும். 85 டெசிபெல் ஒலியில் நாளொன்றுக்கு எட்டு மணிக்கு மேல் இருத்தல் தீங்கு எனப் பல நாடுகளில் கொள்ளப்படுகிறது. ஒவ்வொரு மூன்று டெசிபெல் உயர்வுக்கும் ஒலியின் ஆற்றல் இருமடங்காவதால், இருக்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். கனாமைசின், அமிகாசின் போன்ற மருந்துகளும் இச்செல்களை அழிக்கக்கூடும். அவற்றை மருத்துவர் மேற்பார்வையிலேயே கொள்ளுதல் வேண்டும். பின்னிருந்து அழைத்தால் திரும்பாத, சொன்னதையே மீண்டும் கேட்கும் மாணவனை மந்தன் என்று ஒதுக்காது, அவன் செவியைச் சோதிக்கச் செய்வது ஆசிரியரின் கடமையாகும்.