சோதனைச்சாலையில் கறுப்பின மாணவர்கள்

அமெரிக்காவில் பால்டிமோர் நகரை அடுத்து மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கிளை ஒன்று இருக்கிறது. 1980-களில் அங்கே விஞ்ஞானம் படிக்க வந்த கறுப்பின மாணவர்களில் பலர் பாதியிலேயே பின்தங்கினார்கள். அறிவு இல்லையா? இருந்தது! கூடப் படிக்கத்தான் ஆள் இல்லை. தனியாகப் படித்தார்கள், தனியாகவே தோற்றார்கள்.

இதைக் கவனித்தவர் பிரீமன் ஹ்ரபவுஸ்கி. கணிதம் கற்றவர். 1963-ல், 12 வயதில், சம உரிமை ஊர்வலத்தில் சிறை சென்றவர்!

ராபர்ட் மேயர்ஹாப் தம்பதி பொருள் கொடுத்தார்கள். 1989-ல் 19 கறுப்பின மாணவர்களுடன் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டு பெண்களும் வந்தார்கள். 1996 முதல் எல்லா இனத்தாருக்கும் இடம் உண்டு.

அங்கே என்ன செய்தார்கள்? கல்லூரி திறக்கும் முன்பே கோடைப் பயிற்சி. பிறகு கூட்டாகப் படிப்பு. ஒருவன் தடுமாறினால் மற்றவர்கள் கைகொடுக்க வேண்டும். பேராசிரியர்களுடன் சோதனைச்சாலையில் ஆராய்ச்சி வேலை. 'பரீட்சையில் தேறினால் போதும்' என்ற பேச்சே இல்லை. டாக்டர் பட்டம்தான் குறி!

பலன்? இத்திட்டத்தில் படித்து 2008-ல் பட்டம் பெற்றவர் கிஸ்மெக்கியா கார்பெட். 2020-ல் கொரோனா பரவியபோது, மாடர்னா தடுப்பூசியை உருவாக்கிய அரசு விஞ்ஞானிகளில் இந்தக் கறுப்பினப் பெண்மணியும் ஒருவர். அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள் கோடிக்கணக்கானவர்கள்.

ஊர் கூடினால்தானே தேர் நகரும்!