கணித விஞ்ஞானப் பயிற்சியில் துணைபுரியும் முறை

விழா மலர்களிலே கல்லூரியின் பழம்பெருமையை எடுத்துரைத்தல் மரபு. நாமோ இம்மலரின் ஓரிரு பக்கங்களை மிகச் சிறியதொரு விடயத்துக்காக வேண்டி நிற்கின்றோம். இரவு எட்டு மணிக்கு அப்பியாசக் கொப்பியை விரித்துவைத்து, கணக்கொன்றின் நடுவே மேற்செல்ல வழியறியாது இருக்கும் மாணவனுக்கு எவ்வாறு உதவுதல் வேண்டும் என்பதே அது.

மட்டக்களப்பு நகரில் வாழ்வோருக்கு இஃது ஒரு கேள்வியாகவே தோன்றாது. அயலிலே ஆசிரியர் ஒருவர் இருப்பார். தனியார் வகுப்பும் இருக்கும். திருகோணமலை வீதியில் வாழைச்சேனையைக் கடந்து, பனிச்சங்கேணிப் பாலத்துக்கு அப்பால் உள்ள வாகரையை எண்ணிப் பாருங்கள். 2004 மார்கழி 26இல் ஆழிப்பேரலை அக்கரையை மோதியது. 2006 கார்த்திகை 8இல், கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்திலே தஞ்சம் புகுந்திருந்த மக்கள் பலர் எறிகணை வீச்சில் மாண்டனர். அவ்வாண்டின் இறுதியிலும் 2007இன் தொடக்கத்திலும் பல்லாயிரவர் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தனர். அன்று வகுப்பறையை இழந்த சிறுவர் பலர் இன்று தாய் தந்தையர். தம் பிள்ளை கொப்பியை நீட்டுங்கால் அவர்கள் வாளாவிருப்பது அக்கறையின்மையால் அன்று. அந்தப் பாடம் அவர்களுக்கு நடக்கவேயில்லை.

இலக்கியத்திலோ சரித்திரத்திலோ ஓர் அத்தியாயம் விடுபட்டாலும் அடுத்ததைப் படித்துக்கொள்ளலாம். கணிதமும் விஞ்ஞானமும் அத்தகையன அல்ல. பின்னம் விளங்காதவன் விகிதத்தில் இடறுவான். விகிதம் விளங்காதவனுக்கு இரசாயனவியலின் மூல் கணக்கு முழு இருள். ஆகவே, பத்தாம் வகுப்புக் கணக்கொன்றில் நிற்பவனின் உண்மையான தடை ஏழாம் வகுப்பிலே கிடக்கலாம். உதவ முற்படுவோர் முதலிற் செய்யவேண்டியது விடையைச் சொல்வதன்று, கொப்பியைப் பார்ப்பது.

எளிய உதாரணம் ஒன்று. 3 − 2(x − 4) = 5 என்னும் சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னால், x = −5 என்று எழுதி வருவோர் பலர். "பிழை, விடை 3" என்று சொல்லி அனுப்பிவிடலாம். மறுநாள் இதே பிழை வேறு உருவில் வரும். கொப்பியைப் பார்த்தால், இரண்டாம் வரியிலே 3 − 2x − 8 என்று இருக்கும். அடைப்பின் முன் நின்ற சயக் குறி உள்ளே உள்ள நான்கையும் தாக்கி +8 ஆக்குகின்றது என்பதை அவன் அறியவில்லை. பெற்ற விடையைச் சமன்பாட்டிலே இட்டுப் பார்க்கும்படி மட்டும் சொல்லுவோம். இடப்பக்கம் 21 வரும், வலப்பக்கம் 5. தன் பிழையைத் தானே கண்டவன் பிறகு ஒவ்வொரு விடையையும் இட்டுப் பார்ப்பான். அதற்கு நாம் அருகில் இருக்கவேண்டியதில்லை.

பௌதிகவியலில் இன்னொரு சங்கடம் உண்டு: விடை சரியாயிருக்கும், காரணம் பிழையாயிருக்கும். மாரி வெள்ளம் நிறைந்து வாவிநீர் நன்னீராகியிருக்கும் வேளையில், தோணியொன்று முகத்துவாரம் கடந்து கடலுக்குட் செல்கின்றது. அது முன்னிலும் அமிழுமா, உயருமா? வாகரைப் பிள்ளை பலமுறை கண்ட காட்சி இது. "உயரும், உப்புநீர் கூடிய மேலுதைப்பைத் தரும்" என்று அவன் சொல்வான். விடையை மட்டும் பார்ப்பவர் சரி என்று குறியிட்டுவிடுவார். அவனிடம் நாம் கேட்கத்தக்கது ஒன்றே: "தம்பி, கடலுக்குப் போனதும் தோணியின் நிறை கூடிவிட்டதா?" கூடவில்லை. மிதக்கும் பொருளின் நிறையும் மேலுதைப்பும் சமம்; எனவே மேலுதைப்பும் கூடவில்லை. மாறியது இடம்பெயர்க்கப்படும் நீரின் கனவளவே. பாரத்தோடு 1000 கிலோகிராம் கொண்ட தோணி நன்னீரில் 1000 இலீற்றரை விலக்கும். ஒரு கனமீற்றர் 1025 கிலோகிராம் கொண்ட கடல்நீரில் ஏறத்தாழ 976 இலீற்றரை விலக்கினாற் போதும். தோணி உயர்வது அந்த 24 இலீற்றர் அளவுக்கே. இவ்வளவையும் நாமே சொல்லிவிட்டால் அவன் தலையசைப்பான். கேள்வியை மட்டும் விட்டுவைத்தால் சிறிது நேரம் சினப்பான், பின்னர் கணக்கைச் செய்வான். நம்மிற் பலர் விடையை விரைந்து சொல்லுதலை வள்ளன்மை என்று கருதுகின்றோம். அது பெரும்பாலும் பொறுமையின்மையே.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரைதீவு தந்த விபுலாநந்த அடிகளார் விஞ்ஞானப் பட்டதாரி. 1929இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர். 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். ஆயினும் கடலின் இருகரையிலும் கலைச்சொற்கள் இன்று ஒன்றாயில்லை. நமது பௌதிகவியல் அங்கே இயற்பியல். நமது ஆர்முடுகல் அங்கே முடுக்கம். இவை வேறாய் ஒலிப்பதனால் மாணவன் எச்சரிக்கையடைவான். ஆபத்து ஒன்றாய் ஒலிக்கும் சொல்லிலே இருக்கின்றது. நமது பாடநூலில் 'வேகம்' என்பது திசையும் உடையது, திசையற்றது 'கதி'. தமிழ்நாட்டுப் பாடநூலிலோ திசையற்றதே 'வேகம்', திசையுடையது 'திசைவேகம்'. கைத்தொலைபேசியில் தமிழ்நாட்டு ஆசிரியரின் விளக்கத்தைக் கேட்டுக் கணக்குச் செய்யும் வாகரை மாணவன், வட்டப் பாதையில் ஒரே கதியிற் செல்லும் பொருளின் வேகம் மாறவில்லை என்று எழுதிப் புள்ளியை இழப்பான். அவனுக்குப் பௌதிகவியல் தெரியாது என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். அக்கரை விளக்கங்கள் பல மிக நல்லவை, அவற்றைத் தடுக்கவேண்டியதில்லை. கொப்பியின் பின்னட்டையில் இருகரைச் சொற்களையும் இருநிரலாக எழுதிவைக்கச் சொன்னாற் போதும்.

மாணவருக்கும் ஒன்று கூறுவோம். "இந்தக் கணக்கு விளங்கவில்லை" என்று கேட்டல் உதவியை வேண்டுதலாகாது. தந்தவை எவை, காணவேண்டியது எது, எந்த வரிமட்டும் வந்தீர்கள், அடுத்த வரியில் என்ன ஐயம் என்று எழுதிக் கேளுங்கள். அவ்வாறு எழுதும்போதே விடை புலப்பட்டு, கேட்கவேண்டிய தேவையே இல்லாது போதலும் உண்டு. பிழையான வரிகளை அழித்துவிட்டுக் கொப்பியைக் கொண்டுவராதீர்கள். நாம் பார்க்க விரும்புவது அவற்றைத்தான்.

பழைய மாணவரிடையே பொறியியலாளரும் மருத்துவரும் ஆசிரியரும் கணக்காளரும் பலர் உளர். வாரத்தில் ஒரு மணி நேரம், ஒரு மாணவன், ஒரு கொப்பி: இவ்வளவே நாம் கேட்பது. தூரத்தில் இருப்போர் கொப்பிப் பக்கத்தின் படத்தைத் தொலைபேசியிற் பெற்று, ஒரு கேள்வியை மட்டும் திருப்பி அனுப்பலாம். நேரிற் செல்ல விரும்புவோருக்கு மார்கழி விடுமுறை உகந்ததன்று. மாரி மழையில் அப்பக்கத்துப் பயணம் நிச்சயமற்றது. ஆவணியில் வெருகலம்பதித் திருவிழாவுக்குச் செல்வோர் எப்படியும் வாகரையைக் கடந்தே செல்லவேண்டும். அப்போது ஒரு நாள் முன்னதாகவே புறப்படுங்கள்.